வவ்வால் வண்டிக்குப் பட்டா

வீட்டில் திருடு போனால் போலீசுக்குப் போகலாம். போலீசின் பொருளே கைமாறிப் போனால் யாரிடம் போய் அழுவது? லண்டன் மாநகரக் காவல் துறைக்கு இந்தச் சங்கடம் வந்தது. தெருமுனைகளில் நின்றிருந்த நீல நிறப் பெட்டி அவர்களுடையது. உள்ளே தொலைபேசி இருக்கும். ரோந்து வரும் கான்ஸ்டபிள் அதிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேசுவார். அவசரமென்றால் பொதுமக்களும் பேசலாம். 1929 வாக்கில் அதை வடிவமைத்தவர் அந்தத் துறையின் கட்டடக் கலைஞர் கில்பர்ட் மெக்கன்ஸி ட்ரெஞ்ச். பெட்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் 'போலீஸ்' என்றே எழுதியிருந்தது. சொத்து யாருடையது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எதைக் கொண்டுவருவது?

1963 நவம்பரில் பிபிசி 'டாக்டர் ஹூ' தொடரைத் தொடங்கியது. காலத்தில் முன்னும் பின்னும் பறக்கும் வாகனம் ஒன்று கதைக்குத் தேவைப்பட்டது. இறங்குகிற இடத்துக்கு ஏற்ப உருமாறும் வண்டி என்றுதான் முதலில் யோசித்தார்கள். வாரத்துக்கு ஒரு உருவம் செய்யப் பட்ஜெட் இடம் தரவில்லை. ஆகவே, உருமாற்றும் பொறி கெட்டுப்போய்ப் போலீஸ் பெட்டி வடிவத்திலேயே வண்டி சிக்கிக்கொண்டது என்று கதை கட்டினார்கள். சிக்கனத்தில் பிறந்த கற்பனை. அதில் குற்றம் இல்லை. குற்றம் பிறகுதான் வருகிறது. 1996இல் அந்தப் பெட்டியின் உருவத்தைத் தன்னுடைய டிரேட்மார்க்காகப் பதிவு செய்யும்படி பிபிசி மனுப் போட்டது. காவல் துறை ஆட்சேபித்தது. 2002இல் தீர்ப்பு வந்தது: பெட்டி பிபிசிக்கு. காவல் துறை அந்தப் பெட்டியை வைத்து எந்த வியாபாரமும் செய்ததில்லையாம். மக்களுக்கும் அதைப் பார்த்தால் டாக்டர் ஹூதான் நினைவுக்கு வருகிறாராம். போதாததற்கு, வழக்குச் செலவுக்கு 850 பவுண்டு கட்டும்படி போலீசுக்கு உத்தரவு.

நீதி இதுதான்: பொதுமக்களுக்கு உதவட்டும் என்று ஒரு பொருளைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தீர்களானால் நீங்கள் ஏமாளி. அதையே பொம்மையாக வார்த்து விற்றிருந்தால் நீங்கள் உரிமையாளர். புறம்போக்கில் முதலில் வேலி போட்டவன் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுக்கிற கிராம அதிகாரியைப் பற்றி இனிமேல் யாரும் குறை சொல்லாதீர்கள். அவர் சர்வதேசத் தரத்தில்தான் வேலை பார்க்கிறார்.

பிரிட்டனில் பெட்டியோடு விட்டார்கள். அமெரிக்காவில் காருக்கு உயிரே கொடுத்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில் 'கோதம் கராஜ்' என்று ஒரு பட்டறை. நடத்தியவர் மார்க் டவுல். 1966ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரிலும் 1989ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் பேட்மேன் ஓட்டிய கார்களைப் பார்த்து அதே அச்சில் பாடி கட்டி விற்பார். ஒரு காருக்கு ஏறக்குறைய 90,000 டாலர். டவுல் தியாகி ஒன்றும் இல்லை. பேட்மொபைல் என்ற பெயரைச் சொல்லியே கடை பரப்பினார். இணைய முகவரியிலும் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார். பேட்மேன் கதைகளின் பட்டாதாரரான டிசி காமிக்ஸ் 2011இல் வழக்குத் தொடுத்தது.

டவுல் தரப்பு கேட்ட கேள்வியில் சத்து இருந்தது. கார் என்பது ஏறிப் போவதற்கான பொருள். புழங்குகிற பொருளின் வடிவத்துக்கு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாகக் காப்புத் தருவதில்லை. நாற்காலிக்கு இல்லாத பதிப்புரிமை நாலு சக்கரம் வைத்ததற்கு மட்டும் எப்படி வரும்?

2013 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றமும், 2015 செப்டம்பர் 23ஆம் தேதி ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதற்குப் பதில் சொல்லின. அது கார் இல்லையாம், கதாபாத்திரமாம். ஒரு பொருள் கதாபாத்திரமாக மூன்று தேர்வு வைத்தார்கள். உருவத்தோடு குணமும் இருக்க வேண்டும். எங்கே தலைகாட்டினாலும் இன்னார் என்று தெரிய வேண்டும். மற்றவர்களிடம் இல்லாத தனித்தன்மை வேண்டும். நீதிபதி சான்ட்ரா இக்குட்டா எழுதிய தீர்ப்பில் பேட்மொபைல் மூன்றிலும் முதல் வகுப்பில் தேறியது. கடிவாளத்தை இழுத்துக்கொண்டு துடிக்கும் குதிரையாக அந்தக் காரை வர்ணிக்கும் காமிக்ஸ் வரிகளைக்கூடத் தீர்ப்பு சாட்சிக்கு அழைத்தது. தனியுடைமையைக் காப்பது ஒழுங்கான சமூகத்துக்கு அவசியம் என்று ராபினுக்குப் பேட்மேன் செய்யும் உபதேசமும் தீர்ப்பில் இடம்பெற்றது. ராத்திரிதோறும் முகமூடி போட்டுக்கொண்டு அடுத்தவன் கூரையில் குதிக்கிற கோடீஸ்வரன், சொத்துரிமைக்கு மேற்கோள்! 2016 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைக் கையில் எடுக்க மறுத்தது. கதை முடிந்தது. காருக்கு உருவம் உண்டு, குணம் உண்டு, தனித்தன்மை உண்டு என்று அமெரிக்க நீதித்துறை முத்திரை குத்திவிட்டது.

சந்தோஷம். இப்போது அந்தக் காரை எழுதிய மனிதருக்கு என்ன உண்டு என்று பார்ப்போம்.

அவர் பெயர் பில் ஃபிங்கர். 1939இல் பாப் கேன் என்ற ஓவியர் கொண்டுவந்த பேட்மேன் சிவப்பு உடுப்பும் விறைத்த இறக்கையுமாக, சர்க்கஸ் கம்பெனியில் வழி தவறி வந்தவன் போல இருந்தான். காது வைத்த முகமூடியும் காற்றில் விரியும் மேலங்கியும் இருண்ட நிறமும் ஃபிங்கரின் யோசனைகள். புரூஸ் வேய்ன் என்ற பெயர் அவருடையது. முதல் கதையை எழுதியவர் அவர். கோதம் நகரத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு நகைக்கடையின் பெயரைப் பார்த்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பேட்மொபைல் என்ற பெயர் முதன்முதலில் அச்சேறியது 1941இல் வந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 48ஆவது இதழில். அந்தக் கதையை எழுதியதும் ஃபிங்கர்தான்.

கதைக்குக் கீழே யார் பெயர் போட்டார்கள்? பாப் கேன். மட்டும். கேன் கெட்டிக்காரர், ஒப்பந்தத்தில் தன் பெயரை மட்டும் உறுதி செய்துகொண்டார். ஃபிங்கர் பக்கக் கணக்கில் கூலி வாங்கினார். 1974 ஜனவரியில், தன் 59ஆவது வயதில், நியூயார்க் அடுக்ககம் ஒன்றில் பேரும் பணமும் இல்லாமல் செத்துப்போனார். பேட்மேன் சினிமாக்கள் கோடி கோடியாய்க் குவித்தன. பேட்மேன் தட்டில் சோறு தின்று, பேட்மேன் போர்வைக்குள் தூங்கி மூன்று தலைமுறை வளர்ந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் ஊர் வயலுக்கு மட்டுமான கணக்கில்லை.

கடைசியில், பேத்தியும் ஒரு பிடிவாதக்கார எழுத்தாளரும் விடாமல் போராடிய பிறகு, ஃபிங்கரின் பெயரையும் சேர்த்துப் போடுவதாக டிசி அறிவித்தது. எப்போது? 2015 செப்டம்பரில். பேட்மொபைல் ஒரு கதாபாத்திரம் என்று தீர்ப்பு வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பு. அவர் செத்து 41 வருஷம் கழித்து. ஒரே மாதத்தில் காருக்கு ஆளுமை கிடைத்தது, ஆளுக்குப் பெயர் கிடைத்தது. கார் தன் உரிமைக்காக நாலு வருஷம்தான் காத்திருந்தது. அதற்கு வக்கீல்கள் இருந்தார்கள்.

ஃபிங்கரோடு முடிந்துவிடவில்லை. 1950இல் காமிக்ஸில் வந்த புதிய பேட்மொபைலை வரைந்தவர் டிக் ஸ்ப்ராங். பக்கத்தில் இருந்ததோ பாப் கேன் பெயர். ஷெல்டன் மோல்டாஃப் பதினைந்து வருஷத்துக்குக் கிட்டத்தட்டக் கேனுக்காக மறைந்திருந்து வரைந்தார். 1938இல் சூப்பர்மேனை ஜெர்ரி சீகலிடமும் ஜோ ஷூஸ்டரிடமும் 130 டாலருக்கு வாங்கிய கம்பெனியும் இதே பரம்பரைதான். அந்த 130 டாலர் எழுதிய காசோலைத் தாள் 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. படைத்தவர்களுக்குக் கொடுத்த விலையைவிட, கொடுத்ததற்கான ரசீது ஆயிரம் மடங்குக்கு மேல் பெறுமானம். இப்படி ஒரு பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள நோபல் பரிசு பெற்றவர் வேண்டாம். அடகுக் கடைக்காரர் போதும்.

இதிலெல்லாம் சட்டமீறல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்கச் சட்டப்படி, சம்பளத்துக்கு எழுதியவன் எழுத்தாளன் இல்லை. சம்பளம் கொடுத்த கம்பெனியே எழுத்தாளர். பேனா பிடிக்காத கம்பெனி எழுத்தாளராகலாம். மூச்சு விடாத கார் பாத்திரமாகலாம். இருவருக்கும் நடுவே மேசையில் குனிந்து எழுதிய மனுஷன் மட்டும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய மாட்டான். மாயாவியைப் படைத்தவர்களையே மாயாவியாக்கிய சாதனை இது.

'சரி, டிசியாவது அசலாக ஏதோ உருவாக்கியது. நகல் எடுத்தவன் டவுல்தானே?' என்று கேட்பீர்கள். பேட்மேனின் முதல் கதை, 'தி ஷேடோ' என்ற இன்னொரு துப்பறியும் நாயகனின் 1936ஆம் ஆண்டுக் கதை ஒன்றைத் தழுவியது. தன் முதல் பேட்மேன் கதை ஷேடோ கதையிலிருந்து எடுத்தது என்று ஃபிங்கரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். கற்பனை அப்படித்தான் நடக்கும். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தொடுவான். 1939இல் அது உத்வேகம். 2011இல் பட்டறைக்காரர் செய்தால் களவு. நடுவே என்ன மாறியது? முந்திக்கொண்டவர்கள் ஏணியில் ஏறிவிட்டார்கள். ஏறியதும் ஏணியை மேலே இழுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காருக்கு வருவோம். 1966ஆம் ஆண்டின் பேட்மொபைலை, துடுப்பு வைத்த அந்தக் கறுப்பு அழகியை, டிசியில் யாரும் வரையவில்லை. அது ஃபோர்டு நிறுவனம் 1955இல் கண்காட்சிக்காகச் செய்த லிங்கன் ஃபியூச்சுரா. வடிவமைப்பாளர் வில்லியம் ஷ்மிட்டும் அவருடைய குழுவும் வரைய, இத்தாலியின் டூரின் நகரப் பட்டறையில் கைத்தொழிலாளிகள் தகரம் தட்டி உருவாக்கினார்கள். செலவு இரண்டரை லட்சம் டாலர். பின்னால் எழும் துடுப்புகளும் கண்ணாடிக் குமிழ்களும் அப்போதே அதில் இருந்தன. கண்காட்சி முடிந்தது, ஒரு சினிமாவில் தலைகாட்டியது, பிறகு ஹாலிவுட் கார் வித்தகர் ஜார்ஜ் பாரிஸின் கொட்டகைக்கு ஒரே ஒரு டாலருக்கு வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் அவசரப்படுத்தியபோது மூன்று வாரத்தில் அதை வவ்வாலாக்கினார்கள். டிங்கர் வேலை பார்த்தவர் பில் குஷன்பெரி. புகழ் பாரிஸுக்கு. கற்பனை உரிமை டிசிக்கு. 2013 ஜனவரியில் அந்த அசல் காரைப் பாரிஸ் 46 லட்சம் டாலருக்கு ஏலத்தில் விற்றார். அடுத்த மாதமே, அதன் நகலைக் கட்டியது குற்றம் என்று டவுலுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

டூரினில் தகரம் தட்டிய கைகளுக்கு என்ன வந்தது என்று கேட்க எந்த நீதிமன்றத்திலும் மேசை போடவில்லை. ஃபோர்டுக்காவது ஏதேனும் மிஞ்சியதா? தன் புதிய கார் ஒன்றுக்கு ஃபியூச்சுரா என்ற பழைய பெயரையே வைக்க அந்த நிறுவனம் பின்னாளில் ஆசைப்பட்டது. அதற்குள் பெப் பாய்ஸ் என்ற உதிரிபாகக் கடை அந்தப் பெயரை டயருக்கு டிரேட்மார்க் ஆக்கியிருந்தது. ஃபோர்டு வாயை மூடிக்கொண்டு ஃப்யூஷன் என்று பெயர் சூட்டியது. பெரிய மீனையும் கடிக்கும் என்பதால் இந்தச் சட்டம் நடுநிலையானது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பெரிய மீனுக்குக் கடிபட்டால் வேறு பெயர் கிடைக்கும். சின்ன மீனுக்குப் பட்டறைக் கதவில் பூட்டு விழும்.

ஃபெராரியின் கதை இதைவிடச் சுவாரசியம். 1984இல் தொடங்கிய 'மயாமி வைஸ்' தொடரில், போதைக் கடத்தல்காரன் வேஷம் போட்ட துப்பறியும் போலீஸ்காரர் ஒரு கறுப்பு ஃபெராரி டேடோனாவில் திரிவார். வேஷம் போட்டவர் ஓட்டிய காரும் வேஷம்தான். செவர்லே கார்வெட்டின் சேஸிஸ் மேல் ஃபெராரி போலப் பாடி கட்டியது. ஃபெராரி கொதித்தது. பிறகு சமரசம்: கம்பெனி இரண்டு அசல் டெஸ்டரோஸா கார்களைத் தொடருக்குக் கொடுத்தது, 1986இல் மூன்றாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் டூப்ளிகேட் டேடோனாவை ஏவுகணை வைத்துத் தகர்த்தார்கள். டிரேட்மார்க் மீறலுக்கு மரண தண்டனை, நேரடி ஒளிபரப்பில்லாத குறை ஒன்றுதான்.

தொலைக்காட்சிக் கம்பெனிக்கு இரண்டு கார் பரிசு. அதே மாதிரி நகல்களை ஃபைபர் கண்ணாடியில் செய்து விற்ற ராபர்ட்ஸ் என்ற பட்டறைக்காரருக்கு என்ன கிடைத்தது? வழக்கு. 1991இல் ஆறாவது வட்டார நீதிமன்றம் ஃபெராரி பக்கம் தீர்ப்பளித்தது. இது ஃபெராரி இல்லை என்று ராபர்ட்ஸ் வாடிக்கையாளரிடம் மறைக்கவில்லை. வாங்குகிறவனும் ஏமாறவில்லை, லட்சக்கணக்கில் விற்கிற காரைச் சல்லிசாக வாங்குகிறோம் என்பது தெரிந்துதான் வாங்கினான். அப்படியானால் ஏமாந்தது யார்? நீதிமன்றம் கண்டுபிடித்துவிட்டது: தெருவில் போகிறவன்! சிக்னலில் நிற்கிற காரைப் பார்த்து அது ஃபெராரி என்று நினைத்துக்கொள்வானே, அவன். காரை வாங்காத, வாங்கப்போகாத, விலையைக்கூடக் கேட்காத அந்தப் பாதசாரியின் மனக்குழப்பத்தைத் தீர்க்க ஒருவருடைய பிழைப்பை மூடினார்கள். பாதசாரியைப் பற்றி ஒரு நீதிமன்றத்துக்கு இவ்வளவு கரிசனம் வந்தது கார்களின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் மேல் கார் ஏறினால் இத்தனை சுறுசுறுப்பு இருக்காது. ஃபெராரிக்கு ஆதரவான பெரும்பான்மையோடு ஒரு நீதிபதி உடன்படவில்லை என்பதையும் மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

இன்னொரு வண்டி. 'டூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொடரில் வந்த ஆரஞ்சு நிற டாட்ஜ் சார்ஜர். கதவில் 01 என்ற எண். கூரையில், அடிமை முறையைக் காக்கப் போர் தொடுத்த தென் மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கொடி. பெயர், அந்தப் படையின் தளபதியுடைய பெயர்: ஜெனரல் லீ. 'கே டாய்ஸ்' என்ற கம்பெனி அதே நிறத்தில் அதே கொடியோடு பொம்மைக் கார் விட்டது. வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. நிறமும் எண்ணும் கொடியும் சேர்ந்த அந்த அலங்காரம் எங்கள் அடையாளம், குழந்தைகள் குழம்பிவிடுவார்கள் என்றது. 1981இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது.

கசையடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கிற நாட்டில், அந்தக் கசையைத் தூக்கிப் பிடித்தவர்களின் கொடியை ஒரு பொழுதுபோக்குக் கம்பெனி தன் வணிக அடையாளத்தில் சேர்த்துக்கொண்டு, இதை வேறு யாரும் விற்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் மார் தட்டியது. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர்களை ஓர் இனவெறியன் சுட்டுக் கொன்ற பிறகு, அந்தக் கொடியோடு வரும் பொம்மைகளுக்கு உரிமம் கொடுப்பதை அதே வார்னர் நிறுத்தியது. முப்பத்து நாலு வருஷம் கொடி விற்றது. ரத்தம் பார்த்த பிறகு கை கழுவிவிட்டது. காசு வரும்வரை அது எங்கள் அடையாளம். வெட்கம் வரும்போது அது நாட்டின் வரலாறு. லாபத்துக்கு மட்டும் பட்டா, பாவத்துக்குப் புறம்போக்கு.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம், சட்டமாவது ஒரே பேச்சாகப் பேசினால். 'எலனோர்' வழக்கைப் பாருங்கள்.

1974இல் எச். பி. ஹாலிக்கி என்பவர் தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து, தானே காரை ஓட்டி மோதி எடுத்த படம் 'கான் இன் 60 செகண்ட்ஸ்'. 93 கார்கள் நொறுங்கின. அதில் வரும் மஞ்சள் மஸ்டாங்கின் பெயர் எலனோர். 1989இல் அடுத்த படம் எடுக்கும்போது விபத்தில் ஹாலிக்கி இறந்தார். 2000இல் நிக்கோலஸ் கேஜ் நடித்து மறு ஆக்கம் வந்தது. அதில் எலனோர் சாம்பல் நிற ஷெல்பி மஸ்டாங். நகல் கட்டுகிறவர்களெல்லாம் கட்டுவது இந்தச் சாம்பல் காரைத்தான். ஹாலிக்கியின் மனைவி உரிமை கோரினார். 2008இல் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம், எலனோர் ஒரு கதாபாத்திரமாக இருக்கக்கூடும் என்று ஜாடை காட்டிக் கீழ் நீதிமன்றத்துக்கு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்த ஜாடை போதும். அந்த ஷெல்பி மஸ்டாங்குக்கே தன் பெயரைத் தந்த கேரல் ஷெல்பியின் கம்பெனி வரை சண்டை போனது. 2020இல் யூடியூபில் எலனோர் போலவே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தவர், பாதி முடிந்த காரையே உரிமையாளர் தரப்பிடம் ஒப்படைக்க நேர்ந்தது. வழக்குச் செலவைவிடக் கார் மலிவு என்ற கணக்கு எந்தச் சின்ன மனுஷனுக்கும் தெரியும்.

2025 மே மாதம் அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எலனோர் கதாபாத்திரமே இல்லை. வெறும் கார். குணம் கிடையாது, படத்துக்குப் படம் தோற்றம் மாறுகிறது, தனித்தன்மை இல்லை.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். 2015இல் பேட்மொபைலுக்கு உயிர் கொடுத்தபோது அந்த நீதிமன்றம் துணைக்கு அழைத்த முன்தீர்ப்புகளில் ஒன்று, 2008இன் எலனோர் தீர்ப்பு! எலனோர் பாத்திரமாகலாம் என்பதால் பேட்மொபைலும் ஆகலாம் என்றார்கள். பத்து வருஷம் கழித்து, பேட்மொபைலுக்கு வைத்த தேர்வை எலனோருக்கு வைத்து எலனோரைப் பெயிலாக்கினார்கள். 1939இல் சிவப்பு நிறச் சாதாரணக் காராகத் தொடங்கி, வவ்வால் மூஞ்சி வைத்து, துடுப்பு வளர்த்து, 1989இல் விமான இன்ஜின் போல மாறிய பேட்மொபைல் 'மாறாத தோற்றம்' உடையது. மஞ்சளிலிருந்து சாம்பலுக்குப் போன எலனோர் நிலையற்றவள். எங்கும் வவ்வால் சாயல் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் விளக்கம். இருக்கட்டும். 2025 தீர்ப்பு சரியென்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அது சரியென்றே படுகிறது. அப்படியானால் 2008க்கும் 2025க்கும் இடையே, இல்லாத ஒரு உரிமையின் பேரால் மிரட்டப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது? பறிபோன காரை யார் திருப்பித் தருவது? பதினேழு வருஷம் பயந்து நிறுத்திய வேலைக்கு எந்த நீதிமன்றம் கூலி போடும்? ஒருவரும் இல்லை. தவறான நோட்டீஸ் அனுப்பியவன் தபால் செலவை மட்டும் இழக்கிறான்.

காலக்கெடுவைப் பார்த்தால் வயிறு இன்னும் எரியும். ஃபிங்கர் முதல் பேட்மேன் கதையை எழுதிய 1939இல் அமலில் இருந்த சட்டம் என்ன சொன்னது? பதிப்புரிமை 28 வருஷம். புதுப்பித்தால் இன்னும் 28. மொத்தம் 56. அந்தக் கணக்கில் முதல் கதை 1995இல் ஊர்ப் பொதுவாகியிருக்க வேண்டும். 1976இல் சட்டத்தைத் திருத்தி 75 ஆக்கினார்கள். அதுவும் போதாமல், 1998இல் 95 ஆக்கினார்கள். மிக்கி மவுஸின் உரிமை முடியப் போகிறதே என்று டிஸ்னி தவித்த காலம் அது. எழுதுகிறவனுக்கு ஊக்கம் தரத்தான் பதிப்புரிமை என்று அமெரிக்க அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. 1974இல் செத்த ஃபிங்கருக்கு 1998இல் என்ன ஊக்கம் கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கல்லறைக்குள்ளிருந்து இன்னும் இரண்டு கதை எழுதிவிடுவார் என்று எதிர்பார்த்தார்களா? முதல் பேட்மேன் கதை 2035 ஜனவரி 1ஆம் தேதிதான் பொதுச் சொத்தாகும், அதற்குள் யாரும் இன்னொரு திருத்தம் கொண்டுவராவிட்டால். பேட்மொபைல் என்ற பெயர் வந்த கதைக்கு 2037. டிரேட்மார்க்குக்கோ முடிவே கிடையாது; கட்டணத்தைக் கட்டிக்கொண்டே போனால் பிரளயம் வரைக்கும் செல்லும்.

நகல் எடுப்பவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. 90,000 டாலருக்கு வவ்வால் கார் விற்கிறவருக்கும், அதை வாங்கி வாசலில் நிறுத்திக்கொள்கிறவருக்கும் நானும் நீங்களும் அழத் தேவையில்லை. மற்றவர் உழைப்பை எடுத்து விற்றால் அதில் ஒரு பங்கு உழைத்தவருக்குப் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. என் கோபமெல்லாம் அந்தப் பங்கு போகிற முகவரியைப் பற்றி. 'படைப்பாளியின் உரிமை' என்று நீதிமன்றத்தில் கண்ணைக் கசக்குகிறவர்கள், அந்தப் படைப்பாளியைப் பட்டினி போட்டவர்களாகவே இருக்கிறார்கள். திருட்டைப் பற்றி இவர்களுக்கு இத்தனை நுட்பமான அறிவு எங்கிருந்து வந்தது என்பது தொழில் ரகசியம்.

ஒரு சின்ன யோசனை. கற்பனை வாகனத்துக்காக வழக்குப் போடும் எந்தக் கம்பெனியும் மனுவோடு ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் வரட்டும். அதில் நான்கு கேள்விகள் இருந்தால் போதும். இந்த வண்டியை முதலில் எழுதியவர், வரைந்தவர், தகரம் தட்டியவர் பெயர் என்ன? அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர்கள் பெயர் எந்தப் பக்கத்தில், என்ன அளவு எழுத்தில் இருக்கிறது? இந்த வழக்கில் வருகிற நஷ்டஈட்டில் அவர்களுக்கோ அவர்கள் குடும்பத்துக்கோ எத்தனை சதவீதம்? கடைசிக் கேள்விக்குச் சைபர் என்று எழுதுகிறவரின் மனுவை வாசலிலேயே திருப்பி அனுப்பட்டும். மற்றவர்கள் தாராளமாக உள்ளே வரலாம். நானே எழுந்து நாற்காலி போடுகிறேன். அதிகம் பேருக்குப் போட வேண்டியிருக்காது என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன்.